விற்பனை நின்ற கம்ப்யூட்டர் விளையாட்டுகள்: நேர்வழியில் வாங்க முடியுமா?

காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார். விற்க ஆள் இல்லை. சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்றால் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இப்படியும் ஒரு சரக்கு உலகத்தில் உண்டா?

உண்டு. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகள்தான் அந்தச் சரக்கு.

1990-களில் நம் நாட்டில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்தன. டாஸ், லோட்டஸ் கற்றுக்கொள்ளப் போன இளைஞர்கள், மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் 'பிரின்ஸ்' விளையாடினார்கள், 'டேவ்' விளையாடினார்கள். அந்த இளைஞர்களுக்கு இன்று வயது நாற்பது, ஐம்பது. ஆபீசில் குமாஸ்தாவாகவோ, கணக்கராகவோ, மேற்பார்வையாளராகவோ இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டைக் காட்ட வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு.

தேடினால் கிடைக்காமல் போகாது. "இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கூவி அழைக்கும் இடங்கள் இன்டர்நெட்டில் ஏராளம். ஆனால் அங்கே எடுப்பது நியாயமா, சட்டப்படி சரியா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. நேர்வழியில் வாங்குவது எப்படி என்று விசாரித்தால் விஷயம் வேறு விதமாக விரிகிறது.

நூற்றுக்கு 87

அமெரிக்காவில் 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றைக் காப்பது அதன் வேலை. மென்பொருள்களைப் பாதுகாக்கும் இன்னொரு அமைப்புடன் சேர்ந்து 2023-ஆம் ஆண்டு அது ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன்பு அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் எத்தனை இப்போதும் கடையில் கிடைக்கின்றன என்பதுதான் கேள்வி.

கிடைத்த விடை அதிர்ச்சி தருவது. நூற்றுக்கு 87 விளையாட்டுகள் எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை! மீதி 13 மட்டுமே காசு கொடுத்தால் கிடைக்கும்.

நம் சினிமாவுக்கும் இந்தக் கதி நேர்ந்ததுண்டு. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. டி.பி.ராஜலட்சுமி கதாநாயகி. படம் எடுக்கப்பட்டது சென்னையில் அல்ல, பம்பாயில்! அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. யாரும் காப்பாற்றி வைக்கவில்லை.

விளையாட்டுகளின் நிலைமை இதைவிட விசித்திரமானது. பல விளையாட்டுகளுக்குப் பிரதி இருக்கிறது. பிளாப்பியிலும் சி.டி.யிலும் பெட்டி பெட்டியாக இருக்கிறது. ஆசையோடு கேட்பவர்களும் இருக்கிறார்கள். நடுவில் பூட்டு தொங்குகிறது. சாவி யாரிடம் என்பதுதான் தெரியவில்லை.

பூட்டு விழுவது எப்படி?

புத்தகம் பழசானால் தாள் மஞ்சளாகும், ஆனாலும் படிக்கலாம். விளையாட்டு அப்படி அல்ல. அது ஓடுவதற்கு அதற்கேற்ற மெஷின் வேண்டும். பத்து வருஷத்தில் மெஷின் மாறிவிடுகிறது. பழைய விளையாட்டு புது மெஷினில் ஓட மறுக்கிறது. ஓடாத சரக்கைக் கம்பெனி விற்பதில்லை.

இரண்டாவது காரணம், கம்பெனிகள் மூடப்படுவது. ஒரு கம்பெனி நொடித்துப்போனால் மேஜை நாற்காலியோடு உரிமைகளும் கைமாறுகின்றன. வாங்கியவர் கம்பெனி இன்னொருவரிடம் போகிறது. நாலாவது கைக்குப் போகும்போது, தன்னிடம் என்ன இருக்கிறது என்பது அந்தக் கம்பெனிக்கே தெரிவதில்லை.

மூன்றாவது காரணம், இரவல் உரிமைகள். கார் பந்தய விளையாட்டில் உண்மையான கார்களின் பெயர் வரும். சில விளையாட்டுகளில் பிரபல பாட்டு ஒலிக்கும். சிலவற்றில் சினிமா கதாபாத்திரம் வரும். இவற்றை எல்லாம் சில ஆண்டுகளுக்கு மட்டும் அனுமதி வாங்கித்தான் சேர்ப்பார்கள். கெடு முடிந்ததும் விளையாட்டைக் கடையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.

காட்டில் பிறந்த யோசனை

உரிமையைத் தேடிப் போய்ப் பூட்டைத் திறந்தவர் ஒருவரின் கதை இந்தத் துறையில் பிரபலம். அவர் பெயர் ஸ்டீபன் கிக். அமெரிக்கர். விளையாட்டுக் கம்பெனி ஒன்றில் ஓவியராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு 2012-இல் மத்திய அமெரிக்க நாடுகளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

குவாத்தமாலா நாட்டில் தங்கியிருந்தபோது 'சிஸ்டம் ஷாக் 2' விளையாட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1999-இல் வெளிவந்து, பெரும் புகழ் பெற்ற விளையாட்டு அது. அவரிடம் இருந்த பழைய பிரதி புதுக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. விலைக்கு வாங்கலாம் என்று தேடினார். எங்கும் விற்பனைக்கு இல்லை.

மற்றவர்கள் அதோடு விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார். விளையாட்டை உருவாக்கிய கம்பெனிகளில் ஒன்றான 'லுக்கிங் கிளாஸ்' 2000-ஆம் ஆண்டே மூடப்பட்டுவிட்டது. அதன் உரிமை கடைசியில் போய்ச் சேர்ந்திருந்த இடம் எது தெரியுமா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி!

விபத்துக்கும் தீக்கும் பாலிசி போடும் கம்பெனி, விளையாட்டை வைத்து என்ன செய்யும்? அது பாட்டுக்குப் பைலில் தூங்கியது. ஸ்டீபன் கிக் அவர்களோடு பேசி அனுமதி வாங்கினார். புதுக் கம்ப்யூட்டரில் ஓடும்படி சரிசெய்யப்பட்டு, 2013 பிப்ரவரியில் 'சிஸ்டம் ஷாக் 2' மறுபடி விற்பனைக்கு வந்தது. அவர் தொடங்கிய 'நைட்டைவ்' என்ற கம்பெனிக்குப் பழைய விளையாட்டுகளை மீட்பதே தொழிலாயிற்று.

மூன்று கம்பெனி, ஒரு பூட்டு

எல்லா முயற்சியும் பலிப்பதில்லை. 2000-ஆம் ஆண்டில் வந்த 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' என்ற விளையாட்டில் துப்பறியும் பெண் ஒருத்தி கதாநாயகி. ரசிகர்கள் மிகவும் விரும்பிய விளையாட்டு. அதையும் மீட்க நைட்டைவ் கம்பெனி இறங்கியது.

கம்பெனிகள் கைமாறி, இணைந்து, பிரிந்ததில் உரிமையின் நூல் மூன்று இடத்துக்குப் போயிருந்தது. ஃபாக்ஸ், ஆக்டிவிஷன், வார்னர் பிரதர்ஸ். மூன்றும் மலை போன்ற கம்பெனிகள். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. பழைய காகிதங்களைத் தேடி எடுத்துப் பார்க்க ஆர்வமும் இல்லை. விளையாட்டின் பெயரை நைட்டைவ் பதிவு செய்யப் போனபோது வார்னர் பிரதர்ஸ் ஆட்சேபம் தெரிவித்தது. முயற்சி 2015-இல் கைவிடப்பட்டது.

இதில் லாபம் அடைந்தவர் யார்? மூன்று கம்பெனிகளுக்கும் ஒரு பைசா வரவில்லை. காசை நீட்டிக்கொண்டு நின்ற ரசிகனுக்கும் விளையாட்டு கிடைக்கவில்லை.

கேட்பாரற்றுக் கிடந்தால் நம்முடையதா?

இப்படி விற்பனை நின்ற விளையாட்டுகளை ஆங்கிலத்தில் 'அபாண்டன்வேர்' என்கிறார்கள். கைவிடப்பட்ட சரக்கு என்று பொருள். 1990-களின் பிற்பகுதியில் ரசிகர்கள் நடுவே புழக்கத்துக்கு வந்த சொல் இது. பலர் இதை ஒரு சட்டச் சொல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அப்படி ஒரு பிரிவு கிடையாது.

ரயில்வே பிளாட்பாரத்தில் ஒரு டிரங்குப் பெட்டி கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதற்காக அது எடுத்தவருடையது ஆகிவிடுமா? 'லாஸ்ட் பிராப்பர்ட்டி' ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். உரியவர் வராவிட்டால் ஏலம் போட விதி இருக்கிறது. ஏலத்தில் எடுத்தவர் தைரியமாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம். விளையாட்டு விஷயத்தில் பெட்டியை எடுக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. ஏலம் போடும் விதிதான் இல்லை. சங்கடமே இதுதான்.

காலம் கடந்தால் உரிமை தீராதா என்று கேட்கலாம். தீரும். ஆனால் அந்தக் காலம் நீளமானது. அமெரிக்காவில் கம்பெனிக்காக ஊழியர்கள் உருவாக்கிய படைப்புக்கு, வெளியானதிலிருந்து 95 ஆண்டு பாதுகாப்பு உண்டு. 1990-இல் கம்பெனி வெளியிட்ட விளையாட்டு 2085 முடியும் வரை பூட்டுக்குள்தான். அந்தப் பிளாப்பி அதுவரை தாங்குமா? தாங்காது.

நம் நாட்டில் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பு போலவே பாவிக்கிறது. கதை, கட்டுரைக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. பொதுவாக, படைத்தவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டும்.

திருட்டுப் பிரதி என்று தெரிந்தே புரோகிராமைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துவது 63-பி பிரிவின்படி குற்றம். 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. லாபத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ அல்ல என்றால், சிறை விதிக்காமல் ரூ.50 ஆயிரம் வரை அபராதத்தோடு விடக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வீட்டில் விளையாடியவரைத் தேடிப் போலீஸ் வரும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "கைவிடப்பட்டது, ஆகவே நமக்கு" என்ற வாதம் எடுபடாது என்பதற்காகவே சொல்வது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஓசி விளையாட்டோடு வைரஸ் ஓசியாக வந்து சேரும். பாங்கிக் கணக்கும் அதே கம்ப்யூட்டரில் இருந்தால் சம்பளத்துக்கே ஆபத்து.

நேர்வழிகள் நான்கு

முதல் வழி, பழைய விளையாட்டுகளுக்கென்றே உள்ள கடை. போலந்து நாட்டில் 1994-இல் தொடங்கப்பட்ட 'சி.டி.புரொஜெக்ட்' என்ற கம்பெனி, வெளிநாட்டு விளையாட்டுகளை வாங்கி விற்றுவந்தது. அந்நாட்டுச் சந்தைகளில் அப்போது திருட்டு சி.டி. கொடிகட்டிப் பறந்தது. அதோடு போட்டி போட்டு நேர்மையாக விற்றுப் பழகியவர்கள் அவர்கள். 2008-இல் 'குட் ஓல்டு கேம்ஸ்' என்ற இன்டர்நெட் கடையைத் தொடங்கினார்கள். 'ஜி.ஓ.ஜி.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

உரிமையாளரைக் கண்டுபிடித்து, ஒப்பந்தம் போட்டு, புது மெஷினில் ஓடும்படி செய்து விற்பதுதான் இவர்கள் முறை. தொடக்கத்தில் ஒரு விளையாட்டு 6 டாலர் அல்லது 10 டாலர் என்று வைத்தார்கள். வாங்கியதைக் காப்பி எடுத்து வைத்துக்கொள்ள முடியாதபடி போடும் பூட்டு கிடையாது. நாளைக்குக் கடையே மூடினாலும், எடுத்து வைத்த பிரதி வாங்கியவரிடம் இருக்கும். 2024 நவம்பரில், பழைய விளையாட்டுகளைத் தொடர்ந்து ஓடவைப்பதற்கென்றே ஒரு தனித் திட்டத்தை 100 விளையாட்டுகளோடு அறிவித்தது இந்தக் கடை.

பூட்டு இல்லை என்பது சின்ன விஷயம் அல்ல. நின்டெண்டோ கம்பெனி தன் 'வீ யூ', '3டி.எஸ்.' மெஷின்களுக்கான இன்டர்நெட் கடையில் 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்தியது. அங்கே மட்டும் விற்ற விளையாட்டுகளை அதன் பிறகு புதிதாக வாங்க வழியில்லாமல் போயிற்று.

இரண்டாவது வழி, உரிமையாளரே மனமுவந்து கொடுத்தவை. 1994-இல் வந்த 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' விளையாட்டை அதன் கம்பெனி 2003-இல் இலவசமாக்கியது. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையின் முதல் விளையாட்டான 'அரீனா' 2004-இலும், இரண்டாவதான 'டாகர்ஃபால்' 2009-இலும் இலவசமாயின. எழுத்திலேயே விளையாடும் புகழ்பெற்ற 'ஜோர்க்' விளையாட்டின் மூல நிரலை, அதாவது புரோகிராமர் எழுதிய வரிகளை, 2025 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் பொதுவில் வைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இலவசம் என்று யாரோ சொன்னால் போதாது. உரிமையாளர் சொல்லியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். விளையாட மட்டும் அனுமதியா, பிறருக்குக் கொடுக்கவும் அனுமதியா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, அசல் பெட்டி. ஒரு காலத்தில் முறைப்படி விற்ற சி.டி., பிளாப்பி ஆகியவை பழைய சரக்காகக் கைமாறுகின்றன. வாங்கும்போது அசல்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். நேர்மையாக வாங்கியவர் கெட்டுப்போகாமல் இருக்கப் பாதுகாப்புப் பிரதி எடுத்துக்கொள்ள நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவே இடம் தருகிறது.

புதுக் கம்ப்யூட்டரில் அதை ஓடவைப்பது எப்படி? அதற்கு 'டாஸ்பாக்ஸ்' என்ற புரோகிராம் இருக்கிறது. 2002-இல் வந்தது. புதுக் கம்ப்யூட்டருக்குப் பழைய கம்ப்யூட்டர் வேஷம் போட்டுவிடும். பழைய விளையாட்டும் தன் காலத்து மெஷின் என்று நம்பி ஓடும். கதை விளையாட்டுகளுக்கு 'ஸ்கம் வி.எம்.' என்று ஒன்று உண்டு. இரண்டும் இலவசம், இரண்டும் சட்டப்படியானவை. வேஷம் போடும் புரோகிராமில் குற்றம் இல்லை. அதில் ஓட்டும் பிரதி எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

நான்காவது வழி, புதிதாகக் கட்டியவை. 1994-இல் 'டிரான்ஸ்போர்ட் டைகூன்' என்று ஒரு விளையாட்டு வந்தது. தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, சிக்னல் வைத்து, சரக்கு ரயில் விட்டுக் கம்பெனி நடத்த வேண்டும். ரயில்வேக்காரர்கள் பார்த்தால் விடமாட்டார்கள்! அதே போல் ஓடும் 'ஓப்பன் டி.டி.டி.' என்ற விளையாட்டு 2004 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. படங்களையும் ஒலியையும் ஆர்வலர்கள் தாங்களே புதிதாகச் செய்தார்கள். 2010 முதல் பழைய விளையாட்டின் பிரதி இல்லாமலே அதை ஓட்டலாம். 'டூம்' விளையாட்டின் மூல நிரலை அதன் கம்பெனி 1997-இல் வெளியிட்டது. படங்களும் கட்டங்களும் கம்பெனி வசமே இருந்தன. 'ஃப்ரீடூம்' என்ற பெயரில் அவற்றுக்கு மாற்றாகப் புதியவற்றை ஆர்வலர்கள் உருவாக்கினார்கள்.

நூலகமும் கைகட்டி நிற்கிறது

இந்த நான்கு வழியிலும் அடங்காத விளையாட்டுகள்தான் அதிகம். அவற்றை நூலகங்கள் காப்பாற்றலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் சேகரித்து வைக்கின்றன. ஆனால் ஆராய்ச்சியாளர் அந்த இடத்துக்கு நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பார்க்க அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. அனுமதித்தால் பழைய விளையாட்டுகளின் விற்பனை கெடும் என்பது கம்பெனிகள் தரப்பு வாதம். நூற்றுக்கு 87 விற்பனையிலேயே இல்லையே என்பது நூலகங்கள் தரப்பு வாதம்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். அதற்குத்தான் உரிமைச் சட்டம். ஆனால் கூலியும் கொடுக்காமல், சரக்கையும் வெளியே விடாமல் பூட்டு மட்டும் தொங்கினால் அந்தச் சட்டத்தால் யாருக்கு நன்மை?

நம் தமிழ்நாடு இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. பாரதியார் பாடல்களின் உரிமை ஒரு காலத்தில் தனியார் கையில் இருந்தது. 1949-இல் சென்னை மாகாண அரசு அதை வாங்கியது; பின்னர் அது பொதுவாயிற்று. பிறகு நூற்றுக்கணக்கான எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆயின. வாரிசுகளுக்குப் பரிவுத் தொகை கிடைத்தது. அச்சில் இல்லாத நூல்கள் மறுபடி அச்சுக்கு வந்தன. இந்தியச் சட்டத்தின் 31-ஏ பிரிவும், உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்பை வெளியிட உரிமம் கேட்க வழி வைத்திருக்கிறது. விளையாட்டுகளுக்கும் உலக அளவில் இப்படி ஏதாவது செய்தால்தான் தீரும்.

தாமதம் செய்ய நேரமில்லை. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் என்பவரே, 1989-இல் வந்த அந்த விளையாட்டின் மூல நிரலைத் தொலைத்துவிட்டார். 2012-இல் அவருடைய தந்தை வீட்டு அலமாரியை ஒழித்தபோது ஒரு பெட்டியில் பிளாப்பிகள் கிடைத்தன. நிபுணர்கள் கூடி அவற்றைப் படித்து எடுத்தார்கள். இன்னும் எத்தனை அலமாரிகளில் எத்தனை பிளாப்பிகள் பூத்துப்போய்க்கொண்டிருக்கின்றனவோ!

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை ஒரு பழைய விளையாட்டைக் கேட்டால், முதலில் விலைக்குக் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் காசு கொடுத்து வாங்குங்கள். வாங்குகிற கை இருந்தால்தான் விற்கிற கையும் பூட்டைத் திறக்கும். குவாத்தமாலாவில் ஒருவர் விசாரித்ததால்தான் இன்சூரன்ஸ் ஆபீஸ் பைலில் தூங்கிய சரக்கு கடைக்கு வந்தது.